மெத்தை பரிசோதனையில் உள்ளது

தொபுக்கடீர் ஏணியின் ஏழாவது படியிலிருந்து விழுந்தபோது அரங்கத்தில் அறுநூறு பேர் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் வந்தது சிரிப்பதற்கு. அவர் இருபத்திரண்டு வருடமாக மேடையேறிக்கொண்டிருந்தது விழுவதற்கு. கையில் பெயிண்ட் வாளியோடு ஏணியில் ஏறுவார், கூட்டாளி கீழே நின்று ஏணியைத் திருப்பிவிடுவான், இவர் சுவருக்கு அடிப்பதாக நினைத்துக் காற்றுக்குப் பெயிண்ட் அடிப்பார், பிறகு தொபுக்கடீர். அதுவே அவர் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அது அவருடைய கலைஞர் உரிமப் புத்தகத்துக்குள் மட்டும் இருந்தது.

அவர் மனைவி தையல்காரி. அவர் விழுவதற்கான கால்சட்டைகளுக்குள் பஞ்சு வைத்துத் தைப்பவள் அவள்தான். எந்தக் காட்சியில் எந்த எலும்பு தரையைத் தொடும் என்பது அவளுக்கு மனப்பாடம். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்று தினமும் பார்ப்பாள். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. சமைத்தவளுக்குப் பசி எடுக்காதது மாதிரிதான்.

வழக்கமாக ஏணிக்கு அடியில் ஒரு மெத்தை இருக்கும். தரை நிறத்திலேயே அவள் உறை தைத்துப் போட்டிருந்ததால் பார்ப்பவர்கள் கண்ணுக்குத் தட்டுப்படாது. அன்று மெத்தை இல்லை. உடல்நகைச்சுவைக் கலைஞர் நல வாரியம், மெத்தை பாதுகாப்பானதுதானா என்று சோதிப்பதற்காக இரண்டு நாளைக்கு முன்பு அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. போகும்போது வாரியத்து ஆள் ஒரு காகிதம் கொடுத்தார். ‘மெத்தை பரிசோதனையில் உள்ளது’ என்று அச்சடித்து, கீழே முத்திரை குத்தியிருந்தது. சோதனை முடிகிற வரைக்கும் மெத்தை இருந்த இடத்தில் அந்தக் காகிதத்தை வைத்துக் காட்சியை நடத்தலாம் என்பது விதி. வைத்தார்கள். பறந்துவிடக் கூடாதே என்று நாலு மூலையிலும் ஆணி அடித்து வைத்தார்கள்.

மெத்தை திரும்பி வரும்வரை இரண்டாவது படிக்கு மேல் ஏறுவதில்லை என்று தொபுக்கடீர் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டாவது படியில் நின்றால் கடைசி வரிசைக்குத் தெரியாது என்பது மேடையில் போய் நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஏழு வரைக்கும் போய்விட்டார். காகிதத்தின் மேல் விழுந்தார்.

அந்தச் சத்தம் தையல்காரிக்குத் தெரிந்த சத்தங்களில் ஒன்றாக இல்லை. “நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தாள். அறுநூறு பேரும் அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். யாரோ அவளைத் திரைக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டாளியின் பெயர் கொக்கு. ஆறரை அடி உயரம், அதில் முக்கால்வாசி கால். அவர்களுடைய தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. விழுந்தவன் எழுகிற வரைக்கும், நிற்கிறவன் ஆட்டத்தை ஓட்ட வேண்டும். கொக்கு ஓட்டினான். கிடந்தவரைத் தாண்டினான், அவர் மேல் தடுக்கி விழுந்தான், நெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறினான், பெயிண்டைத் தொட்டு அவருக்கு நீல மீசை வரைந்தான். பன்னிரண்டு நிமிடம். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த அரங்கத்தின் வரலாற்றிலேயே அதைவிட நீளமான சிரிப்பு கிடையாது என்று பிறகு எழுத்துபூர்வமாகவே தெரிவிக்கப்பட்டது.

கலைஞர்களுக்கான மருத்துவமனையில் மறுநாள் காலை ஏழு மணிக்கு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்புக்குள் ரத்தம் கட்டி நரம்பை நசுக்குகிறது, உள்ளேயும் கசிகிறது, இன்றைக்கு நாலு மணிக்குள் திறந்து எடுத்துவிட்டால் பிழைப்பார் என்றார்.

“அப்போ எடுங்க டாக்டர்” என்றாள் தையல்காரி.

“எடுத்துடலாம். இயல்பு விழுகைச் சான்று கொண்டு வாங்க.”

“என்னது?”

“இவர் வாரிய உறுப்பினர். வாரிய உறுப்பினர் விழுந்தா அது தொழில். தொழில் பண்ணிட்டு வந்தவருக்குக் கத்தி வைக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. தானா விழுந்தார், வேணும்னு விழலைன்னு வாரியம் எழுதிக் கொடுக்கணும்.”

“வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டுமா?”

“பத்தடி நகர்த்தினாலும் தாங்க மாட்டார்” என்றார் டாக்டர். கெட்டவர் இல்லை. அறுவை அறையைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தொபுக்கடீருக்கு நினைவு இருந்தது. மீசை கொஞ்சம் அழிந்து, நீலம் காதுவரைக்கும் போயிருந்தது. “அடியே, என் கால் எங்க இருக்குன்னு பாரு. கழட்டிக் கொண்டு போயிட்டாங்களா?” என்றார்.

“இருக்கு. பேசாம படுங்க.”

“ரெண்டும் இருக்கா?”

“ரெண்டும் இருக்கு. ஏழாவது படிக்கு எதுக்குங்க ஏறினீங்க?”

அவர் கூரையைப் பார்த்தபடி, “சீக்கிரம் வந்துடு” என்றார். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. பயந்துபோய்க் கொக்கையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வாரியத்தின் கட்டடத்தில் வாசல் கதவு வெளிப்பக்கமும் திறக்கும், உள்பக்கமும் திறக்கும். யார் தள்ளினாலும் அடுத்து வருபவர் மூக்கில் அடிக்கும். அதைப் பழுது பார்க்கக் கேட்டு அனுப்பிய விண்ணப்பம், கதவுக்கு உறுப்பினர் உரிமம் இருக்கிறதா என்ற கேள்வியோடு திரும்பி வந்து, கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தது. கொக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு படிவத்தை எடுத்துத் தானே நிரப்பத் தொடங்கினார். அவளுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

“விழுகிறதுக்கு முன்னாடி விழணும்ங்கிற எண்ணம் இருந்ததா?”

“இல்லைங்க. அதாவது, எப்பவும் விழறவர்தான். ஆனா இந்தத் தடவை அப்படி இல்லை.”

“எண்ணம் இருந்தது, முறை மாறிப்போச்சுன்னு போடறேன். பார்த்தவங்க சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். “சிரிச்சாங்களாம்மா?”

“அவங்களுக்கு என்ன தெரியும்? அவங்க நடிப்புன்னு நெனச்சாங்க.”

“பொதுமக்கள் தப்பா சிரிச்சாங்கன்னு சொல்றதுக்கு இதுல இடம் இல்லை. சரி, விழுந்தவர் எழுந்தாரா?”

“எழலை. அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

“எழலைன்னா, ஏன் எழலைன்னு விழுந்தவரே நேர்ல வந்து எழுதிக் கொடுக்கணும்.”

“அவரால நடக்க முடியாதுங்க!”

“அதையும் அவரே வந்து எழுதிக் கொடுக்கலாம்” என்றார் எழுத்தர். கிண்டல் இல்லை. உதவுகிற முகத்தோடுதான் சொன்னார். “ரெண்டும் ஒரே படிவத்துல முடிஞ்சிடும்.”

கொக்கு ஜன்னலுக்குள் தலையை விட்டான். அவன் கழுத்தின் நீளத்துக்குத் தலை எழுத்தரின் மேசைவரைக்கும் போயிற்று. “சார், அவன் சாகக் கிடக்கறான் சார். எழுத வேண்டியதை நான் எழுதறேன்.”

“நீங்க யாரு?”

“கூட்டாளி. அவன் மேல உட்கார்ந்தவன்.”

“சாட்சி இருக்குன்னு முதல்லயே சொல்லக் கூடாதா? சாட்சி இருந்தா குழுவுக்குப் போகலாம். மாடிக்குப் போங்க. முதல்ல சிரிப்பு அளவரைப் பாருங்க.” எழுத்தர் ஜன்னல் பலகையை இறக்கினார். அது தையல்காரியின் நாலு விரல் மேல் இறங்கியது. அவள் ஐயோ என்று துள்ளினாள். வரிசை சிரித்தது. பலகைக்குப் பின்னாலிருந்து எழுத்தர், “மன்னிச்சுக்கங்க” என்றார். பிறகு அவரும் சிரிப்பது கேட்டது.

மணி பத்தேமுக்கால்.

மாடி வராந்தாவை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். சுவரில் ஒரு பலகை: ‘முன் அனுமதியின்றி இங்கே விழக் கூடாது.’ அதைப் படித்துக்கொண்டே நடந்ததில் தையல்காரியின் கால் வழுக்கியது. கொக்கு அவளைப் பிடிக்க வந்தான், அவனுடைய கால்கள் இரண்டும் வெவ்வேறு திசைக்குப் போயின, அவன் பிடிப்புக்காகப் பிடித்தது தண்ணீர் வாளியை. மூன்றும் சேர்ந்து வராந்தாவின் கடைசிவரைக்கும் சறுக்கிக்கொண்டு போய் ஒரு கதவில் மோதி நின்றன. கதவு திறந்தது. கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு ஒருவர் நின்றார். அவர்தான் சிரிப்பு அளவர்.

“பதினோரு நொடி” என்றார் அவர், வராந்தா முழுக்க எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த தலைகளைக் காட்டி. “தொடக்கத்துக்கு மோசமில்லை. எந்தக் குழு நீங்க?”

அவள் விழுந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நீங்க தொபுக்கடீர் சம்சாரமா? உட்காருங்கம்மா, நாற்காலியில உட்காருங்க! நேத்து நான் அங்கதான் இருந்தேன். பன்னிரண்டு நிமிஷம் நாலு நொடி! என் சர்வீஸ்ல இதுக்கு முன்னாடி அதிகபட்சம் மூணரை நிமிஷம்தான். ஒரு ஆள் ஒண்ணுமே செய்யாம, அசையாம, கண்ணைக்கூடச் சிமிட்டாம… என்ன ஒரு கட்டுப்பாடு! ராத்திரியே அறிக்கை எழுதிட்டேன். முதல் தரம்.”

“ஐயா, அந்த அறிக்கையை மாத்துங்க. அவர் அசையாம இருந்தது அசைய முடியாமதான்.”

அளவரின் முகம் வாடியது. அவருக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டது. “அம்மா, ஒரு கலைஞனோட சிறந்த படைப்பை அவர் வீட்டுக்காரியே இப்படிச் சொல்லலாமா?”

அந்த அறையின் மூலையில் ஒரு மெத்தை சாய்த்து வைத்திருந்தது. தரை நிற உறை. அவளுடைய தையல். அதன் மேல் ஒரு அட்டை தொங்கியது. ‘பரிசோதிக்கப்பட்டது. முற்றிலும் பாதுகாப்பானது.’ அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கொக்கும் பார்த்தான்.

குழு பன்னிரண்டரைக்குக் கூடியது. ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் தலைவர், அவருக்கு வலப்புறம் ஒரு உறுப்பினர், இடப்புறம் ஒரு உறுப்பினர். வலது உறுப்பினர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இடது உறுப்பினர் அடிக்கடி தூங்கி விழுந்தார். அதையும் அளவர் குறித்துக்கொண்டார்.

“கூட்டாளி சாட்சி சொல்லலாம்” என்றார் தலைவர்.

கொக்கு எழுந்தான். கூரை மின்விசிறியில் தலை படாமல் இருக்கக் குனிந்துகொண்டான். “சார், நாங்க ரெண்டு பேரும் மேடையில ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஜனங்களுக்குத் தெரியாது. ஒருத்தனை ஒருத்தன் சிரிக்க வைக்கப் பார்ப்போம். நான் அவன் மேல உட்காரும்போது அவன் வாயை அசைக்காம காதுல ஏதாவது சொல்லுவான். உன் வீடு பத்தி எரியுதுடா, உன் பேன்ட் கிழிஞ்சிருக்குடா, முன் வரிசையில உன் மாமனார்டா, இப்படி. சிரிச்சவன் தோத்தான்.”

“சரி.”

“நேத்தும் சொன்னான்.” கொக்கு இன்னும் கொஞ்சம் குனிந்தான். “நான் நெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். ‘நிஜமாவே விழுந்துட்டேன்டா, எந்திரிடா’ன்னான். நான்… நல்லா சொல்றான்னு நெனச்சேன் சார். இத்தனை வருஷத்துல இதுதான் அவன் சொன்னதுலயே பெஸ்ட்டுன்னு நெனச்சேன். சிரிப்பை அடக்க முடியலை. அடக்கறதுக்காகத்தான் அவனுக்கு மீசை வரைஞ்சேன். அவன் மறுபடியும் சொன்னான். நான் காதுல சொன்னேன், ‘ரெண்டு நிமிஷம் தாங்குடா, கடைசி வரிசை எழுந்து நிக்குது’ன்னு.”

தையல்காரிக்கு இது தெரியாது. அவள் கொக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

தலைவர் வலது உறுப்பினரிடம் ஏதோ கிசுகிசுத்தார். தலை ஆடியது. “பதிவு செய்யலாம்” என்றார் தலைவர். “விழுந்த பிறகும் வசனம் பேசியிருக்கார். இரண்டு தடவை. கூட்டாளி பதில் வசனம் பேசியிருக்கார். ஆக, ஆட்டம் நடந்துக்கிட்டுதான் இருந்திருக்கு.”

“அது வசனம் இல்லைங்க!” என்றாள் தையல்காரி. “அவர் கெஞ்சியிருக்கார்!”

“கெஞ்சறதும் வசனத்துல ஒரு வகைதாம்மா.” தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க பாருங்க, உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது. வருத்தப்படறவங்களைப் புரிஞ்சுக்கறதுக்காகத்தான் இந்த வாரியமே இருக்கு. நான் ஒரு நாளும் விழுந்ததில்லை. சிரிச்சதும் இல்லை. அதனாலதான் நடுநிலையா இருப்பேன்னு என்னை இங்க உட்கார வெச்சிருக்காங்க. இந்த வாரியம் ஆரம்பிச்சு முப்பத்தொரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் எத்தனை விபத்து தெரியுமா? ஒண்ணுகூட இல்லை. விழுந்தவங்க பதினாலாயிரம் பேர். அத்தனை பேரும் வேணும்னே விழுந்தவங்க. சில பேர் விழுந்த இடத்துலேர்ந்து எழுந்திருக்கவே இல்லை. அவங்களும் வேணும்னுதான். கலைக்குத் தங்களை முழுசா கொடுத்தவங்கன்னு அவங்களுக்குத் தனிப் பதிவேடே வெச்சிருக்கோம், தோல் அட்டை போட்டு. அடுத்த வாரம் விழா. ஒரு விபத்துகூட இல்லாம எப்படி நடத்தறீங்கன்னு கத்துக்க வெளியூர்லேர்ந்தெல்லாம் வராங்க. இந்த நேரத்துல நீங்க வந்து ஒருத்தர் நிஜமா விழுந்துட்டார்னு சொன்னா, அவங்க முகத்துல நான் எப்படிம்மா முழிக்கறது?”

இடது உறுப்பினர் விழித்துக்கொண்டு கைதட்டினார்.

“நாலு மணிக்குள்ள வேணுங்க” என்றாள் அவள். அவளிடம் வேறு வாக்கியம் மிச்சமில்லை. “நாலு மணிக்குள்ள வேணும்.”

தலைவருக்கு இரக்கம் வந்தது. “நாங்க மனுஷங்கதான். ஒரு வழி இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்கணும். ஆனா நிஜ விழுகைக்கு எங்ககிட்ட மாதிரி எதுவும் இல்லை. பதினாலாயிரமும் நடிப்பாப் போச்சே. கூட்டாளி இங்க ஒரு தடவை நிஜமா விழுந்து காட்டட்டும். பார்க்கிறவங்க யாரும் சிரிக்கலைன்னா, நிஜம்னு ஒண்ணு இருக்குன்னு குழு ஏத்துக்கும். அப்புறம் உங்க வீட்டுக்காரர் விஷயத்தைப் பார்க்கலாம்.”

இதெல்லாம் பேசி முடிக்கவே மணி ஒன்றரை ஆகிவிட்டது. பதிவேட்டு அறையில் மேல் அடுக்குகளை எட்டுவதற்கு ஒரு ஏணி இருந்தது. அதைச் சுற்றி வாரியத்தின் ஊழியர்கள் எல்லோரும் கூடினார்கள். அளவர் கடிகாரத்தைத் தயார் செய்துகொண்டார். கொக்கு ஏறினான். உச்சிப் படியில் போய் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

“விழுப்பா” என்றார் தலைவர்.

கொக்கு கண்ணை மூடினான். இரண்டு கையையும் விரித்தான். பிறகு ஏணியைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினான். “முடியலை அண்ணி. உடம்பு தானா பக்குவமா வளையுது. நல்லா விழத்தான் வருது. மோசமா விழ வர மாட்டேங்குது.”

“இறங்கு” என்றாள் தையல்காரி. “நான் விழறேன்.”

“அண்ணி, வேணாம்!”

“இறங்குடா!”

அவள் வாழ்க்கையில் மேடை ஏறியதில்லை. ஏணியும் ஏறியதில்லை. இரண்டு படிக்கு ஒருமுறை கீழே பார்த்தாள். நாற்பது முகங்கள் மேலே பார்த்தன. சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு நின்றார்கள். உச்சிக்குப் போனதும் அவள் கணவனை நினைத்துக்கொண்டாள். கையை விட்டாள்.

கையை விட்டவளின் உடம்பு அவளைக் கேட்காமலே பக்கத்து அடுக்கைப் பிடித்தது. அடுக்கு அவளோடு கிளம்பியது. முப்பத்தொரு வருடத்துப் பதிவேடுகள் ஒவ்வொன்றாக, வருட வரிசைப்படி, வலது உறுப்பினரின் தலையில் இறங்கின. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஏணி இடது உறுப்பினரை எழுப்பிவிட்டு எதிர்ச் சுவருக்குப் போயிற்று. எங்கிருந்தோ ஒரு பசை டப்பா வந்து தலைவரின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்ந்தது. அவர் நீ, நீ என்று விரலை நீட்டிக்கொண்டே பின்னால் போனார். பறந்த காகிதங்கள் எல்லாம் அவர் மேல் வந்து ஒட்டின. கடைசியில் அவர் ஒரு குப்பைக் கூடைக்குள் உட்கார்ந்தார், எழுந்தார், கூடையும் எழுந்தது.

கடிக்கப்பட்ட நாற்பது ஜோடி உதடுகளும் ஒரே நேரத்தில் விடுபட்டன. ஜன்னல் எழுத்தர் தரையில் உருண்டார். எல்லாவற்றையும்விட, பசைக்குள்ளிருந்து தலைவர் சிரித்தார். வாழ்நாளில் முதல் சிரிப்பாகையால் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

தையல்காரி பதிவேடுகளுக்கு நடுவிலிருந்து எழுந்தாள். முழங்கையில் ரத்தம் வழிந்தது. “அங்க ஒரு மனுஷன் செத்துக்கிட்டிருக்கான்!” என்று கத்தினாள். தலைமுடியில் ஒரு காகிதம் ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழ அழச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதும்மா, வயிறு வலிக்குது என்று ஒருவர் கும்பிட்டார்.

“ரெண்டு நிமிஷம் பதினாறு” என்றார் அளவர். “அம்மா, உங்களுக்கே ஒரு உரிமம் எழுதிடட்டுமா?”

குழு தீர்ப்பு எழுதியது. விழுகை நகைச்சுவையே என்று நிரூபணமாகிறது. மணி மூன்று.

கீழே வந்தபோது ஜன்னல் எழுத்தர் தன் இடத்துக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவளுடைய முழங்கையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நீட்டினார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, உங்களுக்கு வேண்டியது சான்றா, ஆபரேஷனா?”

“ஆபரேஷன்.”

“அப்போ சான்றை விடுங்க. உரிமம் செல்லாதுன்னு ஒரு சீட்டு வாங்கிக்கங்க. உரிமம் இல்லாதவன் சாதாரண ஆளு. சாதாரண ஆளு விழுந்தா விழுந்ததுதான். டாக்டர் மறுபேச்சு பேச மாட்டார்.”

“அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“அவரே விலகறதுன்னா ஆறு மாசம். இறந்துட்டார்னா அஞ்சு நிமிஷம்.”

அவளுக்குப் புரியவில்லை.

“இறந்துட்டார்னு இந்தப் பதிவேட்டுல நீங்க உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். சீட்டுல காரணம் வராது, செல்லாதுன்னு மட்டும்தான் வரும். மனைவி எழுதினா எங்க விதிப்படி விசாரணை கிடையாது. அந்த விஷயத்துல வீட்டுக்காரங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு வாரியத்துக்கு நம்பிக்கை.”

காலையிலிருந்து அவள் சொன்ன எதையும் அந்தக் கட்டடம் நம்பவில்லை. இதை மட்டும் நம்பத் தயாராக இருந்தது.

அவள் பேனாவை வாங்கினாள். அவர் பெயரை எழுதினாள். உரிமப் புத்தகத்தில் இருந்த பெயர். அதை எழுதி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நசுங்கிய விரல்களில் எழுத்து கோணலாகப் போயிற்று. அடுத்த சொல்லுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

“எழுதுங்க அண்ணி” என்றான் கொக்கு. “வெறும் காகிதம்தானே. அவன்கிட்ட நான் சொல்றேன், உன்னைக் கொன்னு காப்பாத்தினோம்டான்னு. விழுந்து சிரிப்பான்.”

“வாயைக் கழுவுடா” என்றாள். எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். இறந்த நேரம் என்ற இடத்தில் கை தயங்கியது.

“அதை விட்டுடுங்க, பரவாயில்லை” என்றார் எழுத்தர். சீட்டில் முத்திரை குத்தி ஊதிக் காயவைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். மூன்று பத்து.

அவர்கள் ஓடினார்கள். தெருவில் போனவர்கள், நெட்டைக் காலால் நாலு அடிக்கு ஒரு அடி வைத்து ஓடுகிறவனையும், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றில் பாதி பறந்து வருகிற ஒரு பெண்மணியையும், அவள் தலையில் ஒட்டியிருந்த காகிதத்தையும் பார்த்து நின்று சிரித்தார்கள். அவள் சீட்டை மட்டும் உள்ளங்கைக்குள் மடித்துப் பிடித்திருந்தாள்.

அறுவை அறை வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் கையுறை போடாமல் நின்றார்.

“சீட்டு” என்றாள். மூச்சு வாங்கியது. “நாலு மணி ஆகலை.”

அவர் சீட்டை வாங்கி விரித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். “இது போதும்” என்றார். பிறகு மெதுவாக, “இருந்திருந்தா இது போதும்மா. மதியம் ரெண்டு ரெண்டரைக்குப் போயிட்டார்” என்றார்.

இரண்டு, இரண்டரை. அப்போது அவள் ஏணியில் இருந்தாள். அல்லது ஏணியிலிருந்து கீழே வந்துகொண்டிருந்தாள். அல்லது அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரியாக எது என்று அவளால் கணக்குப் போட முடியவில்லை. பிறகு எத்தனையோ நாள் கணக்குப் போட்டுப் பார்த்தும் முடியவில்லை. மூன்று மணிக்குப் பிறகு அவள் எழுதியது பொய் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. வாரியத்தின் பதிவேடுகளில் அன்றைக்கு ஏறிய ஒரே உண்மை அதுதான்.

கொக்கு சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து, தரையில் உட்கார்ந்தான். எந்தப் பக்குவமும் இல்லாமல், தலை சுவரில் மோத, ஒரு கால் அடியில் மாட்டிக்கொள்ள, மூட்டை மாதிரி விழுந்தான்.

தள்ளுவண்டியில் அவரை வெளியே கொண்டு வந்தார்கள். முகத்தை இன்னும் மூடவில்லை. வராந்தாவில் கட்டுப் போட்ட கைகளோடும் ஊன்றுகோல்களோடும் பலர் காத்திருந்தார்கள். யாரோ ஒருவர் நீல மீசையைப் பார்த்துவிட்டார்.

“டேய், தொபுக்கடீர்டா!”

“எங்கடா?”

“அந்த வண்டியில, பாரு. செத்த மாதிரி படுத்திருக்கார் பாரு.”

கூட்டம் கூடியது. முகங்களில் சிரிப்பு தயாராக நின்றது. வண்டி தள்ளியவர் வழியில்லாமல் நிறுத்திவிட்டார். எந்த நொடியில் துள்ளி எழப் போகிறார், யார் மேல் விழப் போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முன்னால் நின்றவர்கள் முன்னெச்சரிக்கையாக ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு நிமிடம் போயிற்று. ஊன்றுகோல்காரர் ஒருவர் கைதட்டத் தொடங்கினார், எழுப்புவதற்காக. பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். கைதட்ட முடியாதவர்கள் ஜன்னல் கம்பியிலும் சுவரிலும் தட்டினார்கள். வராந்தா முழுக்க ஒரே தாளமாகக் கைதட்டல் எழுந்தது.

தையல்காரி அவர்களை நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினாள். பிறகு, அவருக்கும் கேட்கட்டும் என்று கையை இறக்கிக்கொண்டாள்.